தலைமுடி சொன்ன சாட்சி

அரசர் ராபர்ட் பராத்தியன் சாகக் கிடக்கிறார். வேட்டைக்குப் போன இடத்தில் காட்டுப்பன்றி வயிற்றைக் கிழித்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல, கட்டிலோரம் உட்கார்ந்து உயிலை எழுதுகிறார் நெட் ஸ்டார்க். மகன் ஜாஃப்ரிக்கு வயது வரும்வரை நெட்தான் நாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் ராஜா. நெட்டின் பேனாவோ மகன், ஜாஃப்ரி என்ற இரண்டையும் விட்டுவிட்டு, வாரிசு என்று மட்டும் எழுதுகிறது. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று நாடே பேர் வைத்திருக்கும் ஆள் அவர். உயிர் நண்பனின் மரணப் படுக்கையில் அவர் செய்த ஒரே தில்லுமுல்லு இது.

ஜாஃப்ரி ராஜாவுக்குப் பிறந்தவன் இல்லை என்பது நெட்டுக்குத் தெரிந்துவிட்டது. சாகப்போகிறவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த நாள் அரியணை மண்டபத்தில் அந்த உயில் வாசிக்கப்பட்டபோது, ராணி செர்சி அதை வாங்கி நார் நாராகக் கிழித்துப் போட்டாள். காசு வாங்கியிருந்த நகரக் காவல்படை ராணி பக்கம் சாய்ந்தது. பிறகு நெட்டின் தலை உருண்டது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996-இல் வெளியிட்ட 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலை டிராகன் கதை என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு. முதல் புத்தகத்தின் பெரும்பகுதியில் டிராகனே கிடையாது. யார் யாருக்குப் பிறந்தார்கள், யாருக்குச் சொத்து போகும் என்பதுதான் அதில் ஓடும் விவகாரம். சிவில் கோர்ட்டு வராந்தாவில் கேட்கக்கூடிய பேச்சு, கையில் வாளோடு நடக்கிறது. வெஸ்டரோஸ் என்ற அந்தக் கற்பனைக் கண்டத்தில் நடக்கும் பெரிய போர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

நெட்டுக்கு உண்மை எப்படித் தெரிந்தது? பழைய வம்சாவளிப் புத்தகம் ஒன்றிலிருந்து. மாலியன் என்ற முதுபெரும் அறிஞர் எழுதிய தடித்த, தூக்கம் வரவைக்கும் நூல் அது. எந்தப் பிரபு யாரை மணந்தார், எத்தனை பிள்ளை, எது தங்கியது, எதற்கு என்ன நிறத்தில் முடி என்று பக்கம் பக்கமாகப் போகும். பராத்தியன் குடும்பமும் செர்சி பிறந்த லானிஸ்டர் குடும்பமும் அதற்கு முன்பும் சம்பந்தம் செய்திருந்தன. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் பராத்தியன்களின் கரிய முடியோடுதான் பிறந்திருந்தார்கள். லானிஸ்டர்களின் பொன்முடி ஒருதரம்கூட ஜெயிக்கவில்லை. ராபர்ட் ஊரெல்லாம் பெற்றுப்போட்ட பிள்ளைகளையும் நெட் பார்த்துவிட்டார்: கொல்லர் பட்டறையில் சம்மட்டி அடிக்கும் கெண்ட்ரி, விபசார விடுதியில் தாயின் மடியில் கிடக்கும் கைக்குழந்தை பாரா. எல்லாத் தலையும் கறுப்பு. அரண்மனையில் வளரும் மூன்று தலை மட்டும் பொன்.

மகள் சான்சா வாய்தவறிச் சொன்ன ஒரு பேச்சும் அவருக்கு உறைத்தது. அந்தக் குடிகார ராஜாவின் சாயல் ஜாஃப்ரியிடம் துளியும் இல்லை என்று அவள் பெருமையாகத்தான் சொன்னாள். நாட்டின் மிகப் பெரிய ரகசியம் ஒரு சிறுபெண்ணின் காதல் உளறலில் அவிழ்கிறது.

மரபியல் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். தலைமுடியின் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கறுப்பு முடிக்காரரின் உடம்பில் வெளிர்நிறம் ஒளிந்திருந்து பிள்ளையிடம் தலைகாட்டலாம். அதுவும் ராபர்ட் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அவருடைய அப்பாவைப் பெற்றவள் ரேல் டார்கேரியன், ஐந்தாம் ஈகான் மன்னரின் மகள். டார்கேரியன் குடும்பத்துக்கு வெள்ளியும் பொன்னும் கலந்த முடிதான் அடையாளம். ஆக, பேரனின் ரத்தத்தில் வெளிர்முடி கொஞ்சம் ஒட்டியிருக்க இடமுண்டு. டார்கேரியன்களைத் துரத்திவிட்டு ராபர்ட் அரியணையில் உட்கார்ந்தபோது, கலகம் செய்த மற்றவர்களைவிட அவருக்கே உரிமை அதிகம் என்று காட்டக் கைகொடுத்தவளும் அந்தப் பாட்டிதான். பட்டத்துக்கு வேண்டியபோது பாட்டியின் ரத்தம் கணக்கில் வந்தது. பிள்ளைகளின் முடியைப் பார்த்தபோது யாருக்கும் பாட்டி ஞாபகம் வரவில்லை. செர்சி தன் வாயாலேயே நெட்டிடம் ஒப்புக்கொண்டதால் வழக்கு நின்றது. முடியை மட்டும் வைத்து வாதாடியிருந்தால் கெட்டிக்கார வக்கீல் ஒருவர் உடைத்திருப்பார்.

வெஸ்டரோஸில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு அப்பன் குடும்பப் பெயர் கிடையாது. எந்த மாகாணத்தில் பிறந்ததோ அந்த மண்ணின் பெயர் ஒட்டிக்கொள்ளும். வடக்கே ஸ்னோ, தெற்கே டோர்னில் சேண்ட், ஆற்றுப் பிரதேசத்தில் ரிவர்ஸ், மலைநாட்டில் ஸ்டோன், தலைநகர்ப் பக்கம் வாட்டர்ஸ். இந்த அவமானப் பெயருக்கும் ஒரு தகுதி வேண்டும் என்பதுதான் கொடுமை. தாயோ தகப்பனோ உயர்குடியாக இருந்து, பிள்ளையை நாலு பேர் அறிய ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். கொல்லர் பட்டறை கெண்ட்ரிக்கு நாவல்களில் வெறும் கெண்ட்ரி என்றுதான் பெயர். ராஜாவின் மகன், ஆனால் பின்னால் ஒட்ட ஒரு சொல் இல்லை. தொலைக்காட்சித் தொடரின் கடைசி சீசனில் அவனைக் கெண்ட்ரி ரிவர்ஸ் என்று அழைத்தார்கள். தலைநகரில் பிறந்தவன் வாட்டர்ஸ் ஆகத்தானே இருக்க வேண்டும் என்று ரசிகர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். சாதிச் சான்றிதழில் எழுத்துப்பிழை கண்டுபிடித்த குமாஸ்தாவின் உற்சாகம் அது.

டோர்ன் இதில் தனி ரகம். அங்கே மூத்தது பெண்ணானாலும் பட்டம் அவளுக்குத்தான். இளவரசன் ஓபரினுக்கு எட்டு மகள்கள், எட்டுப் பேரும் சேண்ட். யாரும் அவர்களை மூலையில் உட்கார வைப்பதில்லை. வடக்கே, நெட்டின் வெளியே பிறந்த மகனாக வளரும் ஜான் ஸ்னோவின் நிலை வேறு. விண்டர்ஃபெல் கோட்டைக்கு ராஜா விருந்தாளியாக வந்த இரவில், கூடப்பிறந்தவர்கள் மேல் மேசையில் இருக்க, ஜான் கீழே எடுபிடிப் பையன்களோடு உட்காரவேண்டி வருகிறது. அங்கே யாரும் கண்டிக்கமாட்டார்கள் என்பதால் இஷ்டத்துக்குக் குடிக்கலாம் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். பதினான்கு வயதுப் பையன். அந்த ஒரு இரவின் கசப்பில்தான் அவன் வடக்குச் சுவர்ப் படையில் சேரும் முடிவுக்கு வருகிறான். அங்கே சேர்ந்தால் மனைவி கிடையாது, பிள்ளை கிடையாது, நிலம் கிடையாது.

சட்டம் நடுத்தரக் குடும்பங்களில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு இரண்டாம் நாவலில் ஹார்ன்வுட் விவகாரம் வருகிறது. தொடர்க்காரர்கள் அதைத் தொடவே இல்லை. நாவலில்கூடச் சிலர் தாவிப் போய்விடும் பக்கங்கள். தாவக் கூடாத பக்கங்கள். ஹார்ன்வுட் பிரபு போரில் செத்துப்போகிறார். ஒரே மகனும் இன்னொரு போர்க்களத்தில் போய்ச் சேர்கிறான். மிச்சம், நடுவயது விதவை ஒருத்தியும் நல்ல காடும் நிலமும். பிரபுவுக்கு வெளியே பிறந்த லாரன்ஸ் ஸ்னோ என்ற பன்னிரண்டு வயதுப் பையன் இன்னொரு கோட்டையில் வளர்கிறான். அவனையே வாரிசு ஆக்கிவிட்டால் என்ன என்று குழந்தை பிரான் ஸ்டார்க் கேட்கிறான். கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் புருஷனின் துரோகத்தைப் பட்டத்தில் உட்கார வைத்துத் தினமும் பார்க்க அந்த விதவை சம்மதிப்பாளா? அவள் பிறந்த வீட்டுக்காரர்கள் விடுவார்களா? ஆளுக்கொரு ஆசையோடு மாப்பிள்ளைகள் வரிசைகட்டுகிறார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ராம்சே ஸ்னோ என்பவன் அவளைத் தூக்கிக்கொண்டுபோய், கத்திமுனையில் திருமணம் செய்து, சொத்தைத் தன் பேருக்கு எழுதி வாங்கி, ஒரு கோபுரத்தில் பூட்டிவிடுகிறான். அவள் பசியில் சாகிறாள். திறந்து பார்த்தபோது தன் விரல்களையே கடித்துத் தின்றிருந்தாள்.

அந்த ராம்சேயும் போல்டன் பிரபுவுக்கு வெளியே பிறந்தவன்தான். பிறகு ஜாஃப்ரியின் தம்பி, சிறுவன் டாமன், ராஜாவாக இருந்தபோது நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட, ஒரே நாளில் ராம்சே போல்டன் ஆகிவிட்டான். லாரன்ஸ் ஸ்னோ இன்னும் ஸ்னோதான்.

மார்ட்டின் இதையெல்லாம் வானத்திலிருந்து பிடுங்கவில்லை. இங்கிலாந்தின் வரலாறு அவர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. 1120-இல் 'வெள்ளைக் கப்பல்' கவிழ்ந்து முதலாம் ஹென்றியின் ஒரே சட்டபூர்வ மகன் மூழ்கினான். ராஜாவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் இருபதுக்கும் மேல். அவர்களில் குளோஸ்டர் பிரபு ராபர்ட் கெட்டிக்காரர், நல்ல தளபதி. ஆனாலும் பட்டத்துக்கு அவர் பெயர் வரவில்லை. மகள் மட்டில்டாவுக்குப் பிரபுக்கள் சத்தியம் செய்தார்கள். 1135-இல் ஹென்றி இறந்ததும் அவருடைய அக்காள் மகன் ஸ்டீஃபன் முடியைத் தூக்கிக்கொண்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் மட்டில்டாவுக்காக முன்னணியில் நின்று சண்டை போட்டவர் அதே ராபர்ட். தனக்கு இல்லை என்ற பட்டத்தைத் தங்கைக்கு வாங்கித் தரப் போராடிய அண்ணன். கடைசியில் 1154-இல் மட்டில்டாவின் மகன் அரியணை ஏறினார். 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரில் பட்டத்துக்காக ரேனீராவும் அவள் தம்பி ஈகானும் போடும் சண்டைக்கு மூலவிதை இதுதான்.

தாய்தகப்பன் பின்னால் முறைப்படி மணந்துகொண்டால், முன்பு பிறந்த பிள்ளை சுத்தமாகிவிடுமா? ஆகும் என்றது திருச்சபை. ஆகாது என்று 1236-இல் மெர்ட்டனில் கூடிய ஆங்கிலப் பிரபுக்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். அந்தப் பிடிவாதம் 1926 வரைக்கும் சட்டமாக இருந்தது. ஆனால் வேண்டியவர்களுக்கு எப்போதும் ஒரு சந்து திறக்கும். லங்காஸ்டர் பிரபு ஜான் ஆஃப் கான்ட் தன் நெடுநாள் காதலி கேத்தரின் ஸ்வின்ஃபர்டை 1396-இல் மணந்தார். அடுத்த ஆண்டே இரண்டாம் ரிச்சர்ட் அவர்களுடைய பியூஃபர்ட் பிள்ளைகளைச் சட்டபூர்வமாக்கினார். 1407-இல் நான்காம் ஹென்றி, எல்லாம் உண்டு, அரியணை உரிமை மட்டும் கிடையாது என்று அதே ஆவணத்தில் ஒரு வரியைச் செருகினார். அந்தப் பியூஃபர்ட் வம்சத்து மார்கரெட்டின் மகன்தான் 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் ஜெயித்து ஏழாம் ஹென்றி ஆனவர். செருகிய வரி செருகியபடியே கிடந்தது.

அதே ஏழாம் ஹென்றியின் இன்னொரு வேலையும் ரசிக்கத்தக்கது. அவருக்கு முன்பிருந்த மூன்றாம் ரிச்சர்ட், அண்ணன் பிள்ளைகள் எல்லாரும் முறையற்ற திருமணத்தில் பிறந்தவர்கள் என்று 1484-இல் நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டிருந்தார். ஹென்றிக்கு அந்த அண்ணன் மகள் எலிசபெத்தைக் கட்டிக்கொண்டாக வேண்டும். வரப்போகும் ராணி முறையற்றுப் பிறந்தவளாக இருக்க முடியுமா? சட்டம் ரத்தானது; பிரதிகளை எல்லாம் தேடி அழிக்க உத்தரவு போனது.

இனி ரேனீரா. முதலாம் விசேரிஸ் மன்னர் தன் மகளைப் பட்டத்துக்கு அறிவித்து, லேனார் வெலாரியனுக்குக் கட்டிவைக்கிறார். இரண்டு குடும்பமும் வெள்ளிமுடிக் குடும்பம். பிறந்த மூன்று பையன்களுக்கும், ஜேசரிஸ், லூசரிஸ், ஜாஃப்ரி, பழுப்பு முடி, பழுப்புக் கண். ஹார்வின் ஸ்ட்ராங் என்ற வீரனின் அச்சு என்று ஊர் பேசியது. 2018-இல் வந்த 'ஃபயர் அண்ட் பிளட்' நூலில் இதற்கு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. லேனாரின் தாய் ரேனிஸ், பராத்தியன் தாய்க்குப் பிறந்தவள். அவள் முடி கறுப்பு. பாட்டி ஜாடை என்று ஒரு பேச்சுக்காவது சொல்லிக்கொள்ளலாம். 2022-இல் தொடங்கிய தொடர் அந்த வழியை அடைத்துவிட்டது. ரேனிஸுக்கு வெள்ளிமுடி கொடுத்தார்கள். வெலாரியன் குடும்பத்தைக் கறுப்பினத்தவராக ஆக்கினார்கள். அப்பா கறுப்பர், அம்மா வெள்ளைத் தோல், மூன்று பிள்ளைகளும் வெள்ளைத் தோலில் பழுப்பு முடி. புத்தகத்தில் கிசுகிசுவாக இருந்தது திரையில் ஒரே பார்வையில் தெரிகிற விஷயமாகிவிட்டது. அந்த மாற்றத்தால் தொடருக்கு லாபமே. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற இறுக்கம் ஒவ்வொரு காட்சியிலும் ஏறிவிட்டது.

வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதும் சட்டம்தான். பையன்களின் பிறப்பைப் பற்றிப் பேசுபவன் நாக்கை இழப்பான் என்று ராஜா அறிவிக்கிறார். வெலாரியன் குடும்பத்துப் பங்காளி வேமண்ட், எங்கள் கோட்டை யாரோ ஒருவன் பிள்ளைக்குப் போவதா என்று கேட்டான். நூலில் ரேனீரா ஆணையில் அவன் தலை போய், உடல் அவளுடைய டிராகனுக்குத் தீனியாகிறது. தொடரில் அரியணை மண்டபத்திலேயே ரேனீராவின் இரண்டாம் கணவன் டீமன் வாளை வீசிவிடுகிறான். நூலில், நியாயம் கேட்டு மேலும் வந்த உறவினர்கள் நாக்கில்லாமல் திரும்பினார்கள். வேமண்ட் சொன்னது உண்மை. தொடர் அதை மறைக்கவில்லை. ஆனாலும் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் அவன் பக்கம் நிற்கவில்லை.

இந்த இடத்தில் ஜாஃப்ரி பராத்தியனைக் கொண்டுவந்து ஜேசரிஸ் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இருவரும் அரச தம்பதியின் முறையான திருமணத்துக்குள் பிறந்தவர்கள். இருவரின் அம்மாவும் வேறொருவனுக்குப் பெற்றாள். இருவரையும் ஊரறிந்த அப்பா கடைசிவரை தள்ளவில்லை. இடைக்கால ஆங்கிலச் சட்டத்தில், மனைவிக்குப் பிறந்த பிள்ளை புருஷன் பிள்ளையே. அவன் கடல்தாண்டிப் போயிருந்தான், அல்லது ஆண்மையற்றவன் என்று நிரூபித்தால்தான் மறுக்க முடியும். அந்தக் கணக்கில் ஜாஃப்ரியும் சட்டபூர்வம், ஜேசரிஸும் சட்டபூர்வம். நெட் ஸ்டார்க் செய்ததைத்தான் வேமண்டும் செய்தான். ஒருவருக்குக் கண்ணீர் விட்டோம், மற்றவன் தலை போனபோது தோளைக் குலுக்கிக்கொண்டோம். வித்தியாசம் ஒன்று உண்டு: ராபர்ட் ஏமாற்றப்பட்டார், லேனாரும் அவருடைய அப்பா கார்லிஸும் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பார்வையாளரின் மனம் சாய்வதற்கு அதைவிடப் பெரிய காரணம், ஜாஃப்ரி கொடூரன், ஜேசரிஸ் நல்ல பையன் என்பதே.

டிராகன்கள் இந்த வழக்கில் விசித்திரமான சாட்சிகள். மூன்று பையன்களின் தொட்டிலில் வைத்த முட்டைகளும் பொரித்தன. டிராகனே ஏற்றுக்கொண்டபின் மனிதர் கேட்க என்ன இருக்கிறது என்று ரேனீரா தரப்பு நிமிர்ந்தது. தம்பி ஈகானோடு நடந்த போர் முற்றியபோது அதே வாதம் அவர்கள் கழுத்தைச் சுற்றியது. சவாரி செய்ய ஆளில்லாத டிராகன்கள் நிறைய. டார்கேரியன்கள் தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பெண்களிடம் விதைத்துவிட்டுப் போன பிள்ளைகளும் நிறைய. யார் டிராகனை அடக்குகிறாரோ அவருக்கு நிலமும் பட்டமும் என்று பறைசாற்றினார்கள். பலர் கருகிச் செத்தார்கள். ஹியூ என்ற கொல்லன் மகனும், உல்ஃப் என்ற குடிகாரப் போர்வீரனும் நாட்டின் மாபெரும் டிராகன்கள் மீது ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். 2024-இல் வந்த இரண்டாம் சீசனில் ஜேசரிஸ் இதைக் கேட்டு அம்மாவிடம் வெடிக்கிறான். அவனுக்கென்று இருந்த ஒரே பத்திரம் டிராகன்தான். வெள்ளிமுடி வைத்திருக்கும் சாராயக்கடை ஆசாமியும் டிராகன் ஓட்டினால், பழுப்புமுடி இளவரசனுக்கு என்ன மிச்சம்?

நூலில் நெட்டில்ஸ் என்று ஒருத்தி வருகிறாள். பழுப்புத் தோல், மெலிந்த உடம்பு, வாயாடி, அப்பன் பேர் தெரியாத அநாதை. காட்டு டிராகன் ஒன்றுக்கு அவள் தினமும் காலையில் ஓர் ஆட்டை வெட்டிக்கொண்டுபோய்ப் போட்டாள். ஆடுதிருடி என்றே பேர் எடுத்த அந்த டிராகன் மெல்ல அவளுக்குப் பழகிவிட்டது. அவளிடம் டார்கேரியன்களின் பூர்வீக வலேரிய ரத்தம் இருந்ததா? இருந்ததாக நூலில் எந்த ஆதாரமும் இல்லை. டிராகனுக்கு ரத்தமே தேவையில்லை, ஆட்டுக்கறியும் பொறுமையும் போதும் என்றால், டார்கேரியன்களின் நூற்றாண்டு ஆட்சிக்கு அடித்தளமாக இருந்த நம்பிக்கை என்னாவது? மொத்தக் கதையிலும் ஆபத்தான பாத்திரம் அவள்தான். அவளுடைய டிராகனைத் தொடரில் ஓர் இளவரசியிடம் கொடுத்துவிட்டார்கள். பெரிய இழப்பு.

ஹியூவும் உல்ஃபும் துரோகம் செய்ததும், வெளியே பிறந்தவர்களை நம்பவே கூடாது என்று ரேனீராவின் சபை கூச்சலிட்டது. நெட்டில்ஸைக் கொல்ல ஆணை. ஆடம் வெலாரியனைக் கைதுசெய்ய ஆணை. ஆடம், கப்பல் கட்டுபவரின் மகள் ஒருத்திக்குப் பிறந்தவன். லேனார் மகன் என்று சொல்லிக்கொண்டார்கள், கிழவர் கார்லிஸே அப்பன் என்பது பலர் ஊகம். டிராகனில் ஏறியபின் ரேனீராவே அவனைச் சட்டபூர்வமாக்கி, டிரிஃப்ட்மார்க் கோட்டைக்கு வாரிசும் ஆக்கியிருந்தாள். மூன்று பிள்ளைகளின் பிறப்பைக் காப்பாற்ற நாக்குகள் அறுபட்டதைப் பார்த்த அதே பெண், இப்போது பிறப்பைச் சொல்லி ஒருவனைச் சந்தேகிக்கிறாள். ஆடம் தப்பிப் பறந்தான். ஓடி ஒளியாமல் படைதிரட்டிக்கொண்டு வந்து, தன்னைத் துரோகி என்றவளுக்காகவே டம்பிள்டன் ஊரில் சண்டையிட்டுச் செத்தான்.

இதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து நடந்த பங்காளிச் சண்டையில்தான் மார்ட்டினின் கைத்திறன் உச்சம். நான்காம் ஈகான் என்ற கேடுகெட்ட ராஜா, வெஸ்டரோஸ் கணக்கில் 184-இல் சாகும்போது, வெளியே பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே மூச்சில் சட்டபூர்வமாக்கிவிட்டுப் போனார். அவர்களில் டீமன் பிளாக்ஃபயர், ஒரு டார்கேரியன் இளவரசிக்கே பிறந்தவன். வெள்ளிமுடி, ஊதாக் கண், ஆஜானுபாகு, வாள் பிடித்தால் எதிரில் ஆள் நிற்காது. பரம்பரை பரம்பரையாக ராஜாக்கள் வைத்திருந்த வாளையும் அப்பா அவன் கையிலேயே கொடுத்திருந்தார். சட்டப்படி பட்டத்துக்கு வந்தவர் மூத்த மகன் இரண்டாம் டேரன். அவர் படிப்பாளி, தொப்பைக்காரர். அவர் உண்மையில் ராஜாவின் தம்பிக்குப் பிறந்தவர் என்ற வதந்தியை அப்பாவே ஊதிவிட்டிருந்தார். ஆக, உள்ளே பிறந்தவர் மேல் வெளியே பிறந்தவர் என்ற சந்தேகம். வெளியே பிறந்தவன் கையில் ராஜ வாள்.

டேரனின் மனைவி மரியா மார்ட்டல், டோர்ன்காரி. தலைமுறைகளாகச் சண்டைபோட்ட எதிரி நாட்டுப் பெண். அவர்களுடைய மூத்த மகன் பேலருக்கு அம்மாவைப் போலவே கரிய முடி. பேலரின் பிறப்பில் எந்தச் சந்தேகமும் இல்லை. நாட்டிலேயே நேர்மையான, வீரமான, நிதானமான இளவரசன். ஆனால் பல பிரபுக்களின் கண்ணுக்கு அவன் டோர்ன்காரன். அரண்மனையில் டோர்ன் ஆட்கள் பெருகிவிட்டார்கள் என்று புழுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு டீமனின் வெள்ளிமுடி ஒரு கொடி போல ஆனது. காகிதம் பேலர் பக்கம், கண்ணாடி டீமன் பக்கம். 196-இல் ரெட்கிராஸ் களத்தில் டீமனும் இரட்டைப் பிள்ளைகளும் அம்பு தைத்து விழுந்தார்கள். பகைவரின் பின்பக்கம் வந்து போரை முடித்துவைத்தவன் அந்தக் கரிய முடி இளவரசன்தான். ஆனாலும் பிளாக்ஃபயர் சந்ததி ஓயவில்லை. கடல் கடந்துபோய், இன்னும் நாலு முறை கிளம்பி வந்தது.

கலப்பு மணத்தை வைத்து இப்படி ஒரு போரை மார்ட்டினுக்கு முன்பே டோல்கியன் எழுதிவைத்திருக்கிறார், 1955-இல் வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பில். கோண்டோர் நாட்டு இளவரசன் வலக்கார், வடக்கத்திப் பெண் ஒருத்தியை மணந்தான். மகன் எல்டக்கார் பட்டத்துக்கு வந்ததும் உள்நாட்டுப் போர். நம் வம்சத்தாருக்கு இயல்பாக இருக்கும் நீண்ட ஆயுள் இந்தக் கலப்பால் குறைந்துவிடும் என்பது எதிரிகளின் பயம். விரட்டப்பட்ட எல்டக்கார் பத்தாண்டு கழித்துத் திரும்பிவந்து, பட்டத்தைப் பறித்த கஸ்டமீரைக் கொன்றான். இறக்கும்போது அவன் வயது 235. டோல்கியன் வாதத்தை அந்த ஓர் எண்ணிலேயே முடித்துவிடுகிறார். மார்ட்டினுக்கு அவ்வளவு தெளிவான தீர்ப்பு கொடுப்பதில் விருப்பம் இல்லை.

அதனால்தான் அவருடைய நாவல்களில் இன்னும் இரண்டு கோப்பு மூடப்படாமல் கிடக்கிறது. நெட்டின் மூத்த மகனும் வடக்கின் ராஜாவுமான ராப் ஸ்டார்க், தான் செத்தால் யார் என்று உயில் எழுதுகிறான். ஜானைச் சட்டபூர்வமாக்கி வாரிசு ஆக்கவே அவன் எண்ணம். அம்மா கேட்லின் தடுக்கிறாள். நான்காம் ஈகானின் கையெழுத்தால் எத்தனை தலைமுறை ரத்தம் ஓடியது என்று பிளாக்ஃபயர் கதையைத்தான் எடுத்துச் சொல்கிறாள். அவள் கோபத்தில் பாதி மாற்றாள் பிள்ளை என்ற கசப்பு, ஆனால் மீதிப்பாதி நல்ல சட்ட ஆலோசனை. பிரபுக்கள் முத்திரை வைத்த அந்த உயில் அதன்பின் எங்கே போனது என்று 2011-இல் வந்த ஐந்தாம் நாவல் வரை தகவல் இல்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர்க்காரர்கள் உயிலையே தூக்கிவிட்டு, ஜானின் உண்மையான பெற்றோர் வேறு, அவர்கள் ரகசியமாக முறைப்படி மணந்தவர்கள் என்று ஒரு பழைய நாட்குறிப்பிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். அதை வைத்து ஜான் எதையும் வாங்கவில்லை. கடைசியில் மறுபடியும் வடக்குச் சுவருக்கே அனுப்பப்பட்டான்.

இரண்டாவது கோப்பு, போரில் கொல்லப்பட்ட டார்கேரியன் இளவரசன் ரேகரின் மகன் ஈகான் நான்தான் என்று ஐந்தாம் நாவலில் கிளம்பும் இளைஞன். அவன் சொல்வது உண்மையானால் தாய் டோர்ன் இளவரசி. வெள்ளிமுடியை மறைக்க இத்தனை காலம் நீலச்சாயம் பூசியிருந்தான். அவனுக்குப் பின்னால் நிற்கும் கூலிப்படை, டீமனின் தம்பி ஒருவன் பிளாக்ஃபயர்களுக்காகவே தொடங்கியது. டார்கேரியன்களைக் கவிழ்க்கப் பிறந்த படை ஒரு டார்கேரியனுக்காக ஏன் கப்பல் ஏறுகிறது? பையன் பிளாக்ஃபயர் பெண்வழிப் பேரன் என்று வாசகர்களில் பலர் அடித்துச் சொல்கிறார்கள். இல்லை, அசல் ஈகானே என்பவர்களும் உண்டு. அவனும் படையும் கரையிறங்கி, ஸ்டார்ம்ஸ் எண்ட் கோட்டையைப் பிடிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது நாவல் நின்றுவிட்டது. ஆறாம் நாவல் இன்னும் அச்சுக்கு வரவில்லை.